பங்கருக்குள் வைத்த பெட்டி

இன்று காலை கைத்தொலைபேசி கீச்சிட்டது. குளத்தின் வான் கதவுகள் திறக்கப்படலாமாம், தாழ்நிலத்தில் இருப்பவர்கள் அவதானமாம். ஓடிப்போய்ப் பத்திரங்களைப் பொலித்தீன் சொப்பின் பைக்குள் போட்டு முடிந்தேன். முடியும்போது நனைந்த கடதாசியின் மணம் மூக்கில் ஏறியது. பைக்குள் ஒரு சொட்டு ஈரமும் கிடையாது. அந்த மணம் வந்தால் எனக்குக் கமலாவின் நினைவு வரும். கமலா என்றால் இத்தனை வருடம் கழித்தும் வயிறு கொஞ்சம் எரியும். சிரிக்காதீர்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கம், தர்மபுரம். நாங்கள் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து குடியேறியவர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் கமலா வீட்டார், மலையகத்தில் இருந்து வந்தவர்கள். நானும் அவளும் ஒரே வகுப்பு. ஓட்டத்தில் அவள் முதல், பாட்டில் அவள் முதல், தலைமயிரோ இடுப்புக்குக் கீழே. எனக்கென்று மிஞ்சியிருந்தது கட்டுரை எழுதுவது ஒன்றுதான்.

மாரி தொடங்கும்போது டீச்சர் சொன்னார்: "வெள்ளம் வந்தா வீட்டில ஆர் ஆர் என்னென்ன செய்யிறது? எல்லாரும் இருந்து கதைச்சு எழுதிக்கொண்டு வாங்கோ."

விடுவேனா? ஆறு பக்கம். நிறப் பென்சிலால் வீட்டுப் படம், அம்புக்குறிகள். பத்திரங்கள் வைக்கும் தகரப் பெட்டியை அம்மா என் பொறுப்பில் விட்டார். "கவனம் பிள்ளை. கொப்பரும் நானும் எடுத்த ஒரே ஒரு கலியாணப் படம் இதுக்குள்ளதான் கிடக்கு." பெட்டிக்கு நான் சிவப்பில் ஓர் அம்பு போட்டேன். அது நேரே முற்றத்துப் பதுங்குகுழிக்குள், எங்கள் பங்கருக்குள் போனது. எங்களுக்குத் தெரிந்த ஆபத்தெல்லாம் ஆகாயத்தால் வருவது. விமானச் சத்தம் கேட்டால் பங்கர், ஷெல் விழுந்தால் பங்கர். மழையும் ஆகாயத்தால்தானே வருகிறது! அம்மாவும் அப்பாவும் வாசித்துவிட்டுத் தலையாட்டினார்கள். ஒருவருக்கும் பிழை தெரியவில்லை.

கமலா கொண்டுவந்தது கொப்பியில் கிழித்த அரைத் தாள். டீச்சர் அதை உரத்து வாசித்தார். "அப்பா, ஆடு. அம்மா, அரிசி, தீப்பெட்டி. தம்பி, அழாம இருக்கணும்." வகுப்பே சிரித்தது. அதற்குமேல் என் காது அடைத்துவிட்டது. டீச்சர் அந்தத் தாளைச் சுவரில் ஒட்டினார். என் ஆறு பக்கத்துக்குக் கிடைத்தது, "வடிவான எழுத்து." அன்று இடைவேளைக்கே அந்த அரைத் தாளை உரித்தெடுத்துக் கொம்பாஸ் பெட்டிக்குள் திணித்தேன். மிச்சத்தை வாசிக்கவும் மனமில்லை.

மூன்று நாள் விடாமல் பெய்தது. நாலாம் நாள் முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். அப்பா வரம்பு வெட்டிவிட வயலுக்குப் போய்விட்டார். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு, தங்குவதற்கு மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்டார். பங்கர் வாசலில் மண்மூட்டை அடுக்கியிருந்தபடியால் உள்ளே இன்னும் காய்ந்தே கிடந்தது. பெட்டியை வைத்துவிட்டு நிமிர்கிறேன், வேலிப் பொட்டுக்குள்ளால் கமலா வருகிறாள்.

"பெட்டியக் குடு. யானைக் காவலுக்கு அப்பா கட்டுன பரண் மரத்துல இருக்கில்ல, அதுல ஏத்திருவாரு."

"தேவையில்லை. எங்களிட்டத் திட்டம் இருக்கு."

"இந்தக் குழியா? தண்ணி பள்ளத்தப் பாத்துத்தான் வரும் புள்ள."

"உனக்கென்ன தெரியும்? இது ஷெல்லுக்கே அசையாத பங்கர்!"

அவள் சொல்லி முடிக்க முன்னமே எனக்கு விளங்கிவிட்டது. வேறு யார் சொல்லியிருந்தாலும் குனிந்து பெட்டியைத் தூக்கியிருப்பேன். சொன்னது கமலா.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தோம். பங்கர் கிணறாகிக் கிடந்தது. கமலாதான் மூச்சுப் பிடித்து உள்ளே முழுகிப் பெட்டியை இழுத்து வந்தாள். பிறப்புப் பத்திரங்களை அவர்கள் வீட்டுக் கொடியில் காயப்போட்டோம். எழுத்துத் தெரிந்தது. படத்தில் மிஞ்சியது அப்பாவின் வேட்டிக் கரையும் அம்மாவின் ஒரு கையும்.

அம்மா என்னை ஏசவில்லை. தன் துவாயை எடுத்துக் கமலாவின் அந்த நீளமான தலைமயிரைத் துவட்டினார். "என்ர குஞ்செல்லே, சளி பிடிக்கப்போகுது." அந்த நேரத்திலும், நம்புங்கள், எனக்கு அந்தத் துவாயில்தான் கண்.

கிழித்தே போடுவோம் என்று கொம்பாஸ் பெட்டியைத் திறந்தேன். அரைத் தாளின் கடைசி வரியை அப்போதுதான் கண்டேன்.

"நான், பக்கத்து வீட்டுப் பெட்டி. அவங்க அப்பா வயலுக்குப் போயிருவாரு."

கிழிக்கவில்லை. திருப்பிக் கொடுக்கவும் இல்லை. அடுத்த இடப்பெயர்வில் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம். அந்தத் தாளும் எந்த ஓட்டத்திலோ தவறிப்போனது. பல வருடம் கழித்து நாங்கள் மட்டும் இந்தக் காணிக்குத் திரும்பினோம். பங்கரை மூடி அதன்மேல் இப்போது வாழை நிற்கிறது. கதியால் வேலி இருந்த இடத்தில் தலைக்குமேல் கல் மதில்.

பையைக் கட்டி முடித்துவிட்டு, கதிரையில் ஏறி மதிலுக்கு மேலால் பார்த்தேன். அங்கே ஒரு பெண் கையில் பெட்டியோடு, எங்கே வைப்பதென்று தெரியாமல் முற்றத்தில் நின்றாள். கூப்பிட வாயெடுத்தேன். அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது.