அக்கி எழுதாத நெற்றி

பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் செய்து, தையல் பிரித்து, உத்தனப்பள்ளிக்கு வீடு திரும்பிய சில நாளில் வலது நெற்றியில் எரிச்சல் கண்டது. வெயில்தான் என்று நினைத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால் புருவத்துக்கு மேலே கொத்துக் கொத்தாகக் கொப்புளம். இமை கனத்து இறங்கியிருந்தது. வயிற்றை அறுத்தால் நெற்றியில் ஏன் வருகிறது என்று கோபம்தான் முதலில் வந்தது.

மாமியார் பார்த்ததுமே சொல்லிவிட்டார்.

"இது அக்கிம்மா. ராயக்கோட்டையில கொயவரு ஊட்ல எழுதிட்டு வந்துட்லாம். ஊசி, மாத்திர ஒண்ணும் கூடாது. ஆத்தாளுக்கு ஆவாது."

அக்கி எழுதுவது என்றால், குயவர் காவி மண்ணைக் குழைத்துக் கோழி இறகால் கொப்புளத்தின் மேலேயே சிங்கம் வரைவது. மதுரைப் பக்கம் எங்கள் ஊரிலும் உண்டு. முதுகில் என்றால் நானும் வாயை மூடிக்கொண்டு போயிருப்பேன். இது கண்ணோரம். ஓசூர் கம்பெனியில் என் வேலையே லென்ஸ் வைத்துப் பார்த்து, மயிரிழைக் கீறல் விழுந்த உதிரிப்பாகத்தை ஒதுக்குவதுதான். வேலை கிடக்கட்டும், எனக்கு என் கண் வேண்டும்.

புருஷன் முதல் ஷிப்டில் இருந்தார். போன் செய்தால், "அம்மா சொல்றத ஒரு வாட்டி கேளேன்" என்றார். வீட்டு வேலை சொன்னால் காது கேட்காத மனிதர், இதற்கு மட்டும் தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை.

பஸ் ஸ்டாப்புக்கு நாங்கள் இருவரும்தான் போனோம். ராயக்கோட்டை பஸ் இந்தப் பக்கம் நிற்கும், ஓசூர் பஸ் எதிர்ப்பக்கம். மாமியார் இந்தப் பக்கம் நின்றார். நான் தையல் போட்ட இடத்தைக் கையால் அமுக்கிக்கொண்டு, லாரிகள் விட்ட இடைவெளியில் சாலையைக் கடந்தேன்.

"நா சொல்லினு இருக்கறன், எங்க போற?" என்று பின்னாலேயே வந்தவர் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார். "எனக்கும் உம் புருசன் இஸ்கூல் போறப்ப இங்கதான் வந்துது. எழுதுனன். சீக்கிரமே காஞ்சி உளுந்துடுச்சி."

"அந்தக் கண்ணுப் பக்கமா அத்தை?"

அவருடைய இடது கண் வெளுத்திருக்கும். பூ விழுந்த கண் என்று வீட்டில் சொல்வார்கள். அக்கியையும் அதையும் யாரும் சேர்த்துப் பேசியதில்லை. ஓசூர் பஸ் வந்ததும் அவரே எனக்கு முன்னால் ஏறி, இடம் பிடித்துத் தந்தார்.

கண் டாக்டரம்மா விளக்கு வைத்துப் பார்த்தார். சின்ன வயதில் வந்த சின்னம்மைக் கிருமி நரம்பில் ஒளிந்திருக்குமாம். ஆபரேஷனில் உடம்பு தளர்ந்த நேரம், அபூர்வமாகச் சிலருக்கு இப்படி எழும்புமாம்.

"கருவிழி தப்பிச்சிருச்சு. தள்ளிப்போட்டிருந்தா சொல்ல முடியாது" என்று மாத்திரையும் கண் மருந்தும் எழுதினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் மாமியார் மாத்திரை அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"எனக்கு வந்தப்ப இந்த மாத்திர இருந்துச்சா?"

அவர் மருந்துக் கடையில் நின்றபோது டாக்டரம்மாவிடம் நானும் அதையேதான் கேட்டிருந்தேன். மாமியாரிடம் நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். காலையிலிருந்து அவரோடு மல்லுக்கு நின்றுவிட்டு, இப்போது பொய் சொல்லிச் சமாதானப்படுத்த மனம் வரவில்லை.

"இருந்துச்சு அத்தை."

மாமியார் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி என் கையில் வைத்தார்.

"ஊடு போற வரைக்கும் எதுக்கு? இங்கயே முழுங்கு" என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினார்.