கால் தேய்த்தவர்

எங்கள் ஊர் மம்சாபுரத்தில் இதைச் சொன்னால், "மிலிட்டரி சரக்கு பேசுது" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்று நான் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை. நடந்தது எனக்கு.

நான் ராணுவத்தில் ரேடார் மெக்கானிக். போன குளிர்காலம் லடாக்கில், பனிமலை உச்சியிலிருந்த ரேடார் நிலையத்தில் வேலை. ஒரு மதியம் ஆன்டெனாவில் உறைந்த பனியைச் சுரண்டிவிட்டுத் திரும்பும்போது பனிப்புயல் பிடித்துக்கொண்டது. நீட்டிய கை தெரியவில்லை. தட்டுத்தடுமாறி, யாரும் புழங்காத பழைய ரேடார் கொட்டகைக்குள் விழுந்தேன். இரண்டு பாதமும் மரத்துவிட்டன. கால் போனால் வேலை போச்சு. ஊரில் மனைவி கனகலட்சுமி என்ன செய்வாள்? பயந்தேன். கொஞ்ச நேரத்தில் அந்தப் பயமும் மரத்துப்போனது.

மூலையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"ஏலே, பூட்ஸக் கழத்து."

நம்ம ஊர்ப் பேச்சு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எந்த ஊருண்ணே?"

"கான்சாபுரம். ஐயாதுரை." எங்கள் ஊருக்குப் பக்கம்தான்.

பனியை அள்ளி என் பாதத்தில் தேய்த்தார். சரக்... சரக்... கையில் உறை இல்லை. பேசும்போது அவர் வாயிலிருந்து ஆவி வரவில்லை.

"ஊருக்கு எப்பம் போற?"

"சித்திரையிலண்ணே."

"நானும் வாரேன்."

ஊர்க்காரர் வருகிறேன் என்றால், வராதே என்றா சொல்வோம்?

"வாங்கண்ணே, நம்ம வீட்டுக்கு."

சரக்... நின்றது.

கண் விழித்தபோது ராணுவ ஆஸ்பத்திரி. கொட்டகையில் நான் மட்டும்தான் கிடந்தேனாம். கால்கள் தப்பிவிட்டன. பனி தேய்த்ததைச் சொன்னதும் டாக்டர் திட்டினார். தேய்த்தால் கால் இன்னும் கெடுமாம். அந்தப் பழைய வைத்தியத்தை விட்டு எத்தனையோ வருஷம் ஆகிறதாம்.

சித்திரையில் விடுப்பு. வந்த மறுநாளே கான்சாபுரம் போய் விசாரித்தேன். ஐயாதுரையின் தங்கை அங்காளம்மாள் தலை நரைத்தவர்.

"பட்டாளத்துக்குப் போன அண்ணன் பனியில பொதஞ்சு முப்பது வருசமாச்சு. பொணங்கூடக் கெடைக்கல."

மதியம் வீடு திரும்பினேன். தார் உருகும் வெயில். வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே... சரக்... சரக்...

"ஏங்க, வெளாடாதிய... கால் மரத்துப்போச்சு."

ஓடினேன். கட்டிலில் கனகலட்சுமி மட்டும். பாதம் இரண்டும் வெளுத்திருந்தன. தரை ஈரம்.

அவளிடம் நான் எதையுமே சொல்லியிருக்கவில்லை.

ராஜபாளையத்து டாக்டர் ஊசியால் குத்திப் பார்த்தார். அவளுக்கு வலிக்கவில்லை.

"பனிப் பிரதேசத்துக்கு எப்பப் போயிட்டு வந்தாங்க?" என்று கேட்டார்.

அவள் மதுரையைத் தாண்டியதில்லை.