கணக்கில் வராத நடை

மெர்ல் வாசெக்கிடம் யார் பேச்சுக் கொடுத்தாலும் சரி, கொஞ்ச நேரத்தில் இருநூற்று நாற்பத்தொன்று வந்துவிடும். இளவட்டமாக இருந்தபோது ஒரு சின்ன பேஸ்பால் அணியில் ஒரு கோடைகாலம் முழுக்க ஆடி அவர் எடுத்த பேட்டிங் சராசரி அது. ஆயிரம் முறை மட்டை பிடித்தால் இருநூற்று நாற்பத்தொரு முறை அடித்துத் தளம் சேருவார் என்று அர்த்தம். அது போதாது என்று மூட்டை கட்டச் சொல்லிவிட்டார்கள். அதே அணியில் முந்நூற்றிரண்டு எடுத்த வால்டர் மேல் அணிக்குப் போனான். மெர்ல் நெப்ராஸ்காவுக்குத் திரும்பி வந்து மாட்டுத்தீவன லாரி ஓட்டினார், அல்மாவைக் கல்யாணம் செய்துகொண்டார். யார் மீதும் குறை சொன்னதில்லை. "எனக்குத் தெறம பத்தல, அவ்வளவுதான்" என்பார்.

உண்மையில் மனிதருக்குக் கழுகுக் கண். மோசமான பந்து வந்தால் மட்டையைத் தோளிலிருந்து அசைக்கவே மாட்டார். நான்கு மோசமான பந்து வந்துவிட்டால் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து போகலாம் அல்லவா? மெர்ல் நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். ஆனால் சராசரிக் கணக்கில் அந்த நடைக்கு இடமே கிடையாது. "பிச்சைக்கா நிக்கிறே? அடிடா!" என்று அவருடைய மேனேஜர் மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்துவார்.

பின்னாளில் ஊர் அணிக்குப் பயிற்சியாளர் ஆனதும் மெர்ல் என்ன செய்தார் தெரியுமா? பட்ட பாட்டையெல்லாம் மறந்துவிட்டு அதே வசவை எடுத்துக்கொண்டார். மாமியாரிடம் வாங்கியதை மருமகளிடம் தீர்க்கிற கதைதான்.

இப்படியே காலம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில், அடித்துச் சேர்ந்தாலும் நடந்து சேர்ந்தாலும் இரண்டையும் கூட்டித்தான் மட்டைக்காரனை எடைபோட வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். மெர்ல் காபியைத் தள்ளி வைத்துவிட்டுப் பத்திரிகை ஓரத்திலேயே கணக்குப் போட்டார். வால்டர் தளம் சேர்ந்தது ஆயிரத்துக்கு முந்நூற்று முப்பத்தொன்று. மெர்ல், முந்நூற்றுத் தொண்ணூற்றேழு.

"அல்மா! நான் வால்டர விட நல்லா ஆடியிருக்கேன்!"

"நல்லா ஆடுனீங்க. காபி ஆறுது" என்றாள் அல்மா.

அந்த வாரம் முழுக்க உணவகத்தில் அவருடைய புலம்பல் தாங்க முடியவில்லை. தன்னை வஞ்சித்துவிட்டார்கள், வாழ்க்கையே வேறு மாதிரி போயிருக்கும் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். சோளக் கிடங்கில் வேலை பார்க்கும் ஓர்வில் என்பவர், கொலாச்சே ரொட்டியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒனக்கு நடந்தது அநியாயம்தான், ஒத்துக்கிறேன். அப்ப டுவெய்னுக்கு நீ பண்ணினதுக்குப் பேரு என்னப்பா?"

மெர்லுக்குச் சுருக்கென்றது. ஊர் அணியில் அவரிடம் ஆடிய டுவெய்ன் ஸ்லாமா மட்டை பிடித்து நின்றால் மெர்லே இளம் வயதில் வந்து நிற்பதுபோல இருக்கும். பெரிய அணி ஒன்று தேர்வுக்கு ஒரு பையனை அனுப்பச் சொன்ன வருடம், சராசரி அதிகம் என்று கென்னியை அனுப்பினார் மெர்ல். அழுத டுவெய்னின் முதுகைத் தட்டி, "தெறம பத்தலன்னா பத்தல, அவ்வளவுதான். எனக்கும் இதேதான் நடந்துச்சு" என்று சமாதானமும் சொன்னார். இப்போது லாரியில் உட்கார்ந்து மனக்கணக்காக இருவரையும் ஒப்பிட்டார். கென்னி கிட்டத்தில்கூட வரவில்லை. தனக்கு நடந்ததை விட இதுதான் பெரிய பாவம் என்று அவருக்குப் பட்டது. உலகத்தில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் தனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

டுவெய்ன் இப்போது கூரை வேய்கிறான், மாலையில் மகள் ஆடும் சாஃப்ட்பால் அணிக்குப் பயிற்சி தருகிறான். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே மெர்ல் மைதானத்துக்குப் போனார்.

மகள் ஜோலீன்தான் மட்டையோடு நின்றாள். மூன்று மோசமான பந்துகளை விட்டிருந்தாள். இன்னொன்று வந்தால் நடந்துவிடலாம். அந்த அசையாத தோளைப் பார்த்ததுமே மெர்லுக்குத் தெரிந்துவிட்டது, இவளுக்கும் அதே கண்.

"பிச்சைக்கா நிக்கிறே ஜோலீன்? அடி!" என்று ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

பந்து காது உயரத்துக்கு வந்தது. மோசமான பந்து என்று தெரிந்தும் அவள் அப்பாவுக்குப் பயந்து மட்டையை வீசினாள். மேலே எழும்பிய பந்தை எதிரணிப் பெண் நின்ற இடத்திலேயே பிடித்துவிட்டாள். ஜோலீன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு பெஞ்சுக்குப் போனாள்.

டுவெய்ன் மெர்லைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் மலர ஓடி வந்தான். "கோச்! பாத்தீங்களா? சும்மா நின்னுக்கிட்டே இருப்பா. நீங்க எங்களுக்குச் சொன்னதச் சொல்லிச் சொல்லியே மாத்திட்டேன்."

"மாத்தாத டுவெய்ன். அவ சரியாத்தான் நின்னா" என்றார் மெர்ல். "நீயும் சரியாத்தான் நின்னே. கென்னிய விட நீதான் நல்லா ஆடுனே. நான்தான் கணக்கத் தப்பாப் போட்டுட்டேன்."

டுவெய்னின் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. திரும்பி, பெஞ்சில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த மகளைப் பார்த்தான்.

"எனக்குத் தெறம பத்தல, அவ்வளவுதான்னு இத்தன வருசமா நிம்மதியா இருந்தேன் கோச்" என்றான். "இப்ப நான் என்ன சொல்லிக்கிறது?"