மிதந்த ஆமை

இன்று காலை மீன் மார்க்கெட் பக்கம் எனக்கு முன்னால் ஒரு லோடு ஆட்டோ போனது. பின்னால் நீல கேன்கள், வழியெல்லாம் தண்ணீர் சிந்தியபடி. வண்டியை ஓட்ட முடியாமல் நடுரோட்டில் நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் திட்டினார். திட்டட்டும்.

பல வருஷத்துக்கு முந்தைய கதை. அப்போது எனக்கு ஹார்பர் பக்கத்து ஆபீசில் வேலை புதிது, கல்யாணமும் புதிது. அடிபட்ட பிராணிகளை மீட்கும் சிறு கூட்டத்தில் சேர்ந்திருந்தேன். இளகிய மனசும் கொஞ்சம் காலி இடமும்தான் என் தகுதி. வீட்டில் மூன்றுகால் நாய், பறக்க மறந்த காக்கை, சோற்று நேரத்துக்கு மட்டும் உறவு கொண்டாடும் பூனைகள். மனைவி செல்விக்குத் தோட்டம்தான் உயிர். எங்கள் தெரு மண் உப்பு. அவள் தேரிக்காட்டுச் செம்மண்ணைக் கொண்டுவந்து கொட்டி, கனகாம்பரமும் கறிவேப்பிலையும் வளர்த்தாள். அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்கும் சிமெண்டுத் தொட்டிக்குத்தான், கரையில் அடிபட்டு ஒதுங்கிய ஒரு கடல் பேராமை வந்து சேர்ந்தது.

படகு எஞ்சின் விசிறி வெட்டி ஓடு பிளந்திருந்தது. சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னோம். மருத்துவர் தூரத்திலிருந்து வர வேண்டும், அதுவரை வைத்திருங்கள் என்றார்கள். கடல் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். லோடு ஆட்டோ சேர்மத்துரை அண்ணாச்சிதான் கேன் கேனாகக் கொண்டுவருவார். பழைய தண்ணீரைக் கொட்ட வேறு இடமில்லாமல் தோட்டத்தில் கொட்டினோம். கறிவேப்பிலை கருகியது. "அது பொழைக்கட்டும், செடி பொறவு வச்சிக்கிடலாம்" என்றாள் செல்வி.

ஆமை ஒன்றும் தின்னவில்லை. அடியிலேயே கிடந்தது. மூச்சுவிட மேலே வருவதற்குள் அது படும் பாட்டைப் பார்க்க முடியாமல் நான் உள்ளே போய்விடுவேன்.

ஒருநாள் கடல் சீற்றம் என்று கரைக்கு யாரையும் விடவில்லை. அண்ணாச்சி எப்படியோ தண்ணீரோடு வந்துவிட்டார். ஊற்றி முடித்ததும் ஆமை எழும்பி வந்து நின்றது. "ஏம்மா, இங்கன வந்து பாரு, மிதக்குதுல்லா" என்று அண்ணாச்சி கும்பிட்டார். மூன்று பேரும் சிரித்தோம். அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்பு இருந்ததில்லை.

செல்வியின் கையில் தெறித்த தண்ணீர் காய்ந்து, வெள்ளையாக உப்புப் பொரிந்தது. அவள் முகம் மாறியது.

"தண்ணி எங்க பிடிச்சிய அண்ணாச்சி?"

"அளத்துல. அதுவும் கடல் தண்ணிதானம்மா."

உப்பளத்தில் வெயிலில் சுண்டிய தண்ணீரில் எதைப் போட்டாலும் மிதக்கும். இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆசையில் எங்களுக்குத் தோன்றவில்லை.

உள்ளே குடிக்கப் பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் குடம் குடமாகக் கொண்டுவந்து ஊற்றினோம். கோடைக்காலம். அடுத்து எப்போது குழாயில் வரும் என்று தெரியாது. அண்ணாச்சி பக்கத்து வீடுகளில் கெஞ்சி வாங்கி ஊற்றினார். ஆமை கண்ணைத் திறக்கவில்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

"நாந்தாம்மா கொன்னுட்டேன்" என்று அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார். செல்வி ஏதோ சொல்ல வாயெடுத்தாள், அழுகைதான் வந்தது.

பிறகு அவர் எங்கள் தெருப் பக்கம் வரவில்லை. கோயில் கொடையில் பார்த்தால் கூட்டத்துக்குள் ஒதுங்கிக்கொள்வார். வீடு தேடிப் போனால், இல்லை என்று சொல்லச் சொல்வார். மீட்புக் கூட்டமும் மெல்லக் கலைந்தது. நாய் போனது, காக்கை போனது.

போன மாதம் அவர் வீட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு போனோம். நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள்; அன்று அவரால் ஒதுங்க முடியவில்லை. செல்வி அவர் காதருகே குனிந்து, "நீங்க கொல்லல அண்ணாச்சி" என்றாள்.