மாமா வீட்டு முற்றத்தில் லண்டன்

இன்று கிறிஸ்துமஸ். சாப்பிட வரச் சொன்னார்களே என்று காலையிலேயே ராயபுரத்து அக்கா வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கால் வைத்ததும் வழுக்கியது.

அக்கா புருஷனுக்குத் துறைமுகத்தில் கிளார்க்கு வேலை. கப்பல் துரை ஒருவர் கொடுத்த வாழ்த்து அட்டையில், பனி கொட்டிய வாசலில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் சிரிக்கிறதாம். நாமும் சிரிக்க வேண்டாமா? பெட்டி நிறைய ஐஸை உடைத்து முற்றத்தில் பரப்பிவிட்டார்.

நடுவில் நாற்காலி போட்டு, கோட்டு மாட்டிக்கொண்டு மாமா. பக்கத்தில் கம்பளிச் சட்டைக்குள் வியர்த்து வழியும் பிள்ளைகள். சுற்றிலும் தெருப் பூனைகள்.

"இன்னா மச்சான், லண்டன் மாதிரி கீதா?"

"கீது மாமா. பூனைங்க இன்னாத்துக்கு வந்துகீதுங்க?"

மாமா கோட்டைச் சரிசெய்துகொண்டார். அக்காதான் மெல்லச் சொன்னாள்: "நேத்து நீ வஞ்சிரம் குடுத்தனுப்பிச்ச இல்ல, அந்தப் பெட்டி ஐஸுடா இது. மீன எடுத்து சும்மா சமையக்கட்டுல போட்டுட்டாரு."

பத்து மணிக்குள் லண்டன் சாக்கடையில் ஓடிவிட்டது.

மத்தியானம் அந்த வஞ்சிரக் குழம்பை முதல் வாய் வைத்ததுமே மாமா முகத்தைச் சுளித்தார்.

"இன்னா மச்சான், மீன் யாவாரம் பண்றவன், நாறுன மீனக் குடுத்துகீற?"

அட்டையில் இருக்கும் வெள்ளைக்காரன் மத்தியானம் என்ன சாப்பிட்டான் என்று தெரிந்தவர்கள், தயவுசெய்து மாமாவுக்குச் சொல்லுங்கள்.