பத்தாம் நம்பர் செருப்பு

அப்பாவின் கருமாதியில் தானம் கொடுக்க ஆம்பூர் கடைத்தெருவில் ஒரு ஜோடி செருப்பு வாங்கிவந்தேன். யமலோகம் போகும் வழியெல்லாம் முள்ளும் சுடுமணலும் என்பார்கள். இங்கே ஐயருக்குக் கொடுக்கும் செருப்பு அங்கே செத்தவர் காலுக்குப் போய்ச் சேருமாம். ஐயரிடமே அளவு கேட்டு ஏழாம் நம்பர் வாங்கியிருந்தேன்.

அம்மா பெட்டியைத் திறந்து பார்த்தாள்.

"நடக்கப் போறது உங்கப்பாவா, ஐயரா?"

அப்பாவுக்குப் பத்து. சடங்குக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. அம்மா அழவில்லை. "சின்ன செருப்பு, கடிச்சிடும். அந்த மனுஷன் வலிக்குதுன்னு வாயத் திறந்து சொல்லவும் மாட்டாரு" என்றாள்.

பக்கத்து வீட்டு பாய் ஷூ கம்பெனியில் வேலை செய்பவர். வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னாக்கா, இதுக்குப் போயி பேஜாராவுற?" என்று கிளம்பியவர், அரை மணியில் பத்தாம் நம்பரோடு திரும்பினார். அடியில் மெத்தென்றிருந்தது.

"உங்களுக்கு அங்க செருப்பு வேணாமா பாய்?" என்றேன்.

"எங்களுக்கு அங்க தலைமுடிய விட மெல்லிசா ஒரு பாலம்பா, அதத் தாண்டணும். செருப்பு போட்டா வழுக்கிடும்."

அம்மா பதினோரு நாளில் முதல்முறையாகச் சிரித்தாள்.

சடங்கு முடிந்து ஐயர் அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். இரண்டு இடத்தில் செருப்பு கழன்றுவிட, நின்று மாட்டிக்கொண்டார். அம்மா அவர் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ உங்கப்பாவுக்குச் சரியா இருக்கும்" என்றாள்.