மயிலுக்குப் பால் ஊற்றியவர்: மேலூருக்கு ஒரு சாட்சிப் பயணம்

இந்தத் தளத்தில் இதுவரை குன்று, கண்மாய், கோயில் என்றுதான் எழுதியிருக்கிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை போனது நீதிமன்றத்துக்கு. சம்மன் வந்திருந்தது. தனியாகப் போனேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் மேலூருக்கு அருகே ஒரு பாறைக் குன்றில் ஏற நான்கு பேர் போயிருந்தோம். இறங்கும்போது வயலோரத்தில் ஒருவர் செத்த மயில்களைக் குழியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஐந்து மயில்கள். மண்ணை மூடி, மஞ்சள் தூவி, சொம்பிலிருந்து பால் ஊற்றிக் கும்பிட்டுவிட்டுப் போனார். முருகனின் வாகனத்தைச் சும்மா புதைக்க மனம் வரவில்லை போலும். வனத்துறைக்கு நான்தான் போன் செய்தேன். அந்தப் பால் ஈரமும் மஞ்சளுமே குழியைக் காட்டிக்கொடுத்தன. மயில்களின் வயிற்றில் விஷம் இருந்தது.

வந்த வனத்துறையினர் சாட்சிக் கையெழுத்து கேட்டதும் மற்ற மூவரும் காருக்குப் போய்விட்டார்கள். "மாப்ள, கோர்ட்டு கேஸுன்னு எம்புட்டு நாள் அலைவ? பேசாம வா" என்றான் ஒருவன். முப்பதாண்டு நண்பன். அதன்பின் அவனிடம் நான் பேசவில்லை. அவனும் தேடவில்லை.

வில்லாபுரத்தில் காலை 8.10க்கு டவுன் பஸ், மாட்டுத்தாவணி வரை 15 ரூபாய். அங்கிருந்து 9.05க்கு மேலூர் பஸ், 25 ரூபாய், முக்கால் மணி நேரம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு 40 ரூபாய். "வாதியா, பிரதிவாதியாண்ணே?" என்றார் ஓட்டுநர். சாட்சி என்றேன். "அப்ப அலைச்சல் பூராம் உங்களுக்குத்தான்."

நீதிமன்ற வராந்தாவில் ஓரிடம்தான் காலியாக இருந்தது, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பக்கத்தில். என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"கதிரு வாரப்ப கூட்டமா எறங்குதுண்ணே. மயிலுக்குச் சட்டம் இருக்கு. நட்டஈட்டுக்கு மனு குடுத்தேன், ஒண்ணும் வரல."

கையிலிருந்த சம்மனை மடித்துப் பையில் வைத்தேன்.

"பாத்ததச் சொல்லுங்க. கூட மட்டும் சொல்லிராதீங்க."

விஷம் வைப்பதும் சட்டப்படி வேட்டைதான். மயில் என்றால் குறைந்தது மூன்றாண்டுச் சிறை. சட்டத்தில் இந்தக் கடுமையே போதும் என்பேன். விளைச்சல் போன கையோடு நட்டஈடு கிடைத்தால், யாரும் மருந்தைத் தேடிப் போக மாட்டார்கள். ஆனால் சாட்சியிடம் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை.

நான் கூண்டில் ஏறியதும் அவருடைய வக்கீல் கேட்டது ஒன்றுதான்: "இவர் மருந்து வச்சத நீங்க பாத்தீங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. என் இரண்டாண்டுக் கோபத்துக்கு ஒரு பலன் வேண்டியிருந்தது.

"இல்லை. புதைத்ததைத்தான் பார்த்தேன்."

பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. அரசு வக்கீல் என்னைப் பார்க்காமல் வழக்குக் கட்டைப் புரட்டினார். வெளியே குற்றம் சாட்டப்பட்டவரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டார். டீ குடித்துவிட்டு 12.20 பஸ் ஏறினேன்.

சாட்சியாகப் போகிறவர்களுக்கு: சம்மன், அடையாள அட்டை, தண்ணீர் கொண்டுபோங்கள். பத்து மணிக்கு முன் போய்விடுங்கள். குன்று ஏறப் போகிறவர்களுக்கு: வழியில் இப்படி எதையாவது பார்த்தால், எத்தனை பேர் பார்த்தீர்களோ அத்தனை பேரும் கையெழுத்துப் போடுங்கள். முடியாதென்றால் முதலிலேயே தனியாகப் போங்கள்.